வெளுப்பு வேண்டாம் என்றவளுக்கு

போன செவ்வாய்க்கிழமை காலையில் நம் போட்டோக் கடையைத் திறக்க வந்தபோது, தெருமுனை மின்கம்பத்தில் இரண்டு பேர் ஏணி போட்டு ஒரு பிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு முன்னாலேயே வாடை வந்துவிட்டது. புது பிளக்ஸின் அந்த மண்ணெண்ணெய் வாடை உனக்குத் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத அடிக்கவனுக்கு நெஞ்செல்லாம் புண்ணாப் போகும்ட்டீ" என்பாய். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிமிர்ந்தேன்.

உன் பெயர் இருந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று இருந்தது. நடுவில் ஒரு முகம். அது யார் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. கோதுமை மாவு பிசைந்து வைத்தது மாதிரி வெளுத்து, கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றி, உதட்டில் சிவப்பு வைத்து, எவளோ ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். காதில் கிடந்த தோட்டைப் பார்த்துத்தான் நீ என்று தெரிந்துகொண்டேன். இருபது வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவளைத் தோட்டை வைத்து அடையாளம் காண வேண்டியதாகிவிட்டது.

எனக்கு வந்தது கோபம். அழுகை இல்லை. ஏணியில் நின்றவனிடம், "ஏலே, அத அவுத்துக் கீழ போடு" என்று கத்தினேன். அவன் திரும்பி, "அக்கா, இவியளோட அண்ணன் கெட்டச் சொன்னாரு, கெட்டுதோம். எங்ககிட்ட ஏன் சத்தம் போடுதிய?" என்றான். அவன் கேட்டது நியாயம். அவன் கட்டி முடித்துவிட்டுப் போகும்வரை நான் பூட்டைக்கூடத் திறக்காமல் நடையில் நின்றேன்.

அன்றைக்கு முழுக்க எனக்கு அந்த ஓட்டல் ஹால்தான் ஞாபகத்தில் ஓடியது.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு ஓட்டலில், பெரிய பிரிண்டர்களைக் கொண்டுவந்து வைத்துக் காட்டுகிறார்கள் என்று போனோமே, அந்த ஹால். அதுவரை நம் படங்களை மதுரைக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தோம். திரும்பி வரும் ஒவ்வொரு கட்டையும் பிரிக்கும்போது, கறுப்பு சரியாக விழவில்லை என்று நீ வைவாய். சொந்தமாக ஒரு மிஷின் வாங்கிவிடுவது, கல்யாண ஆல்பம் இல்லாமல் சுவரில் மாட்டும் நல்ல படங்களை நாமே அடிப்பது என்று முடிவு செய்திருந்தோம். ஹாலில் மாதிரிக்கு மாட்டியிருந்த படங்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன. பஞ்சவர்ணக்கிளி, பனிமலை, ரோஜா இதழை முகத்தில் வைத்துக்கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். எனக்கு அதைப் பார்த்து வாய் பிளந்துவிட்டது, உண்மை. நீ கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து, சென்னையிலிருந்து வந்திருந்த அந்த விற்பனைக்காரப் பையனிடம் நீட்டினாய்.

"இந்தப் படத்த அடிச்சுக் காட்டுங்க. உங்க கிளி எங்களுக்கு வேண்டாம்."

அது உன் அம்மாவின் படம். உங்கள் ஊர்க் கடற்கரையில், தார் பூசிக் காயவைத்த வள்ளத்தில் சாய்ந்து நிற்கிறாள். கட்டியிருப்பது கருநீலச் சேலை. வள்ளம் ஒரு கறுப்பு, சேலை ஒரு கறுப்பு, அவள் ஒரு கறுப்பு. மூன்றும் மூன்று விதம். வெயில் சாயும் நேரத்தில் நீயே எடுத்தது.

அவன் முதலில் அகலமான மிஷினில் போட்டான். எனக்குப் பிடித்திருந்தது அதுதான். ஆள் உயரத்துக்குப் படம் வரும், வேகமும் அதிகம். சரசரவென்று தாள் வெளியே வந்தது. வள்ளமும் சேலையும் உன் அம்மாவும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு, கண்ணும் பல்லும் மட்டும் மிதந்தன. அவன் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் மேடம்" என்று கம்ப்யூட்டரில் என்னவோ செய்து மறுபடி அடித்தான். இந்தமுறை முகம் தெரிந்தது. ஆனால் செங்கல் நிறத்தில்.

"கொஞ்சம் பிரைட் பண்ணிட்டேன் மேடம். இப்ப நல்லா இருக்காங்க பாருங்க."

"யாரு நல்லா இருக்கா?"

"இவங்கதான் மேடம்."

"இவ எங்கம்மை. அவ முன்னாடியும் நல்லாத்தான் இருந்தா. கறுப்பா இருக்கவள கறுப்பாவே அடிக்க உம்ம மிஷினுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் பதமாக, "தம்பி, அவ கேக்கது என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். அவன் விடவில்லை. "இல்ல மேடம், கஸ்டமர்ஸ் எல்லாருமே ஃபேராத்தான் கேக்கறாங்க. கறுப்பா பிரிண்ட் எடுத்து யாரு மேடம் வீட்ல மாட்டுவாங்க?"

ஹாலில் இருந்த ஸ்டுடியோக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். திசையன்விளையில் கடை வைத்திருந்த ஒருவர், "அவன் சொல்லுததும் சரிதானம்மா" என்றார். நீ அவர் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுப் படத்தயும் செங்கலாட்டம் அடிச்சுத்தான் மாட்டிருக்கியளா அண்ணாச்சி?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

மூலையில் இன்னொரு மிஷின் இருந்தது. அகலம் குறைவு. அதன் பக்கத்தில் கூட்டமே இல்லை. நீ போய் அதன் மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்த மைக் குப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாய். அகலமான மிஷினில் இருந்தது தண்ணீரில் கரைந்த சாய மை. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வெயில் பட்டால் சில வருடத்தில் வெளுத்துவிடும். இதில் இருந்தது நிறப்பொடி கலந்த மை, தாளின்மேல் படிந்து உட்காரும். கறுப்பில் மட்டும் இரண்டு குப்பி, பளபளத் தாளுக்கு ஒன்று, சொரசொரத் தாளுக்கு ஒன்று. அதற்கு அடுத்து அடர்ந்த சாம்பல், வெளிர் சாம்பல். "இந்த சாம்பலுதான்ட்டீ சங்கதி" என்று என் காதில் சொன்னாய். "கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல எத்தன படி இருக்குன்னு இதுக்குத்தான் தெரியும்."

அதில் அடித்தபோது நேரமானது. பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பைய வரட்டும்" என்றாய். பஞ்சில் செய்த சொரசொரத் தாளில் உன் அம்மா மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். முதலில் நெற்றி, பிறகு கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கம், மூக்கின் ஓரத்தில் வேர்வை மினுங்கிய இடம். தாருக்குத் தாரின் கறுப்பு, சேலைக்குச் சேலையின் கறுப்பு. அவளுடைய கறுப்பில் ஒரு சூடு இருந்தது.

ஆனாலும் கடைக்குத் திரும்பி நாம் வாரக்கணக்கில் சண்டை போட்டோம். கல்யாண வீட்டில் ஆள் உயரப் படம் கேட்பார்கள், அகலம் வேண்டாமா என்று நான். அந்தப் பொடி மை, ஓட்டாமல் போட்டால் நம் ஊர் வெயிலுக்குக் காய்ந்து அடைத்துக்கொள்ளும், பழுது பார்க்க ஆள் மதுரையிலிருந்து வரவேண்டும் என்று நான். "அகலம் பாக்கணும்னா ஆத்துப் பாலத்துல போய் நில்லு. மிஷின்ல நான் கறுப்பத்தான் பாப்பேன்" என்று நீ. கடைசியில் நீதான் ஜெயித்தாய். அடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தினம் ஒரு தாளாவது அடிக்க வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமைகூட சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்து அடித்துவிட்டுப் போவாய். உன் பிடிவாதத்துக்கு நீயே வேலை செய்தாய்.

உனக்கு ஏன் அவ்வளவு ஆங்காரம் என்று வெளியார் கேட்பார்கள். நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், நீ இல்லை என்பதால் என்னைத் திட்ட முடியாது. உனக்கு இருபத்தைந்து வயதில் ஒரு ஸ்டுடியோவில் முகத்துக்குப் பவுடர் அப்பி, நெகட்டிவில் இன்னும் கொஞ்சம் வெளுக்கவைத்து ஒரு படம் எடுத்து மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்பினார்கள். படத்தைப் பார்த்து வந்தவர்கள் உன்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வீட்டார் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள்ளேயே, "போட்டோவுல வெளுப்பாத் தெரிஞ்சிதே" என்று உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு எந்த வீட்டார் முன்னாலும் நீ வந்து நிற்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

எனக்கு உன்மேலும் கோபம்தான். போன வருடம் ஒரு சாயங்காலம் போனில், "நெஞ்சுல என்னமோ அடைக்கி, வாயுதான், சோடா குடிச்சா சரியாயிரும்" என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நான் வருகிறேன் என்றேன். "சும்மா கெட. நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று வைத்துவிட்டாய். ஒரு பிரிண்டில் நிழல் சரியாக விழவில்லை என்றால் தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி அடிப்பாயே, உன் நெஞ்சுவலிக்கு மட்டும் ஒரு சோடா போதும் என்று எப்படித் தோன்றியது உனக்கு? காலையில் நீ தனியாக இருந்த வீட்டின் கதவை உடைத்துத்தான் திறந்தோம். இந்தக் கேள்வியை நான் யாரிடம் கேட்பது?

பிளக்ஸ் கட்டிய மறுநாள் உன் ஊருக்கு பஸ் ஏறினேன். திருச்செந்தூரில் இறங்கி வண்டி மாறும் வரையில், உன் அண்ணனை என்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலிலும் அதே பிளக்ஸ். உன் அண்ணன், "வாங்க தங்கச்சி" என்று நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"இது யாருண்ணே? உங்க தங்கச்சியா இது? அவ உயிரோட இருந்தா இத நிக்க விட்டுருப்பாளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் சொல்லல தங்கச்சி. பிளக்ஸ்காரன் சாதாரணமாத்தான் போட்டான்."

"பின்ன யாரு சொன்னா?"

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த உன் அம்மா சொன்னாள். "நாந்தான் சொன்னேன் மக்கா."

வள்ளத்தில் சாய்ந்து நின்றவள். நீ அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த படத்தை, "எதுக்குட்டி இம்புட்டுக் கறுப்பா" என்று கேட்டு பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்தவள். நீயே சிரித்துக்கொண்டு வந்து சொன்னாய். அப்போது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

"அவ வெளுப்பா இருந்திருந்தா கலியாணம் ஆயிருக்கும்லா. புருசன், புள்ளைய இருந்திருக்கும். நெஞ்சு வலிக்கின்னு சொன்னா, பக்கத்துல படுத்திருக்கவன் கைத்தாங்கலா தூக்கிட்டு ஓடியிருப்பாம்லா. எம் மவ ஒத்தையில கெடந்து செத்தாளே. படத்துலயாவது வெளுப்பா இருந்துட்டுப் போட்டும்னுதான் சொன்னேன்."

அவள் கொடுத்த கருப்பட்டிக் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வந்து, உன் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். நீ மிஷினுக்குள் தாள் செருகிக்கொண்டே, நான் கூப்பிட்டதற்கு எரிச்சலாகத் திரும்பிப் பார்க்கிறாயே, அது. சிரிப்பு இல்லை, பவுடர் இல்லை. பஞ்சுத் தாளில் அடித்தேன். முதல் பிரிண்டில் கழுத்துக்குக் கீழே நிழல் கட்டியாக விழுந்தது. கிழித்துப் போட்டேன். அடுத்ததும் சரியில்லை. நீ வந்துவிட்டாய் என்று எனக்குத் தோன்றும்வரை அடித்தேன். வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மறுபடி உன் அம்மாவிடம் போனேன்.

அவள் மடியில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலால் உன் கன்னத்தைத் தடவினாள். கைபட்டால் தாளில் தடம் விழும், நீ எல்லாரையும் வைவாய். நான் அவளைத் தடுக்கவில்லை. "இதப் பாக்கப் பாக்க எனக்குக் கோவம் வருது மக்கா" என்றாள்.

"நான் கொண்டுவந்திருக்கக் கூடாதாம்மா?"

"ஒம்மேல இல்ல. வந்து பாத்துட்டுப் போனானுவல்லா, அவனுவ மேல. இந்த முகத்தப் பாத்துட்டா வேண்டாம்னு எந்திரிச்சுப் போனானுவ? அவனுவ கண்ணுல கொள்ளிய வைக்க. நானும் ஒரு கூறுகெட்டவ, இவளுக்குப் போய்ப் பவுடரு அப்பச் சொன்னேனே."

உன் அண்ணன் கதவருகே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். உன் அம்மா அழவில்லை. அந்த வீட்டார்களை ஊர் சொல்லி, பேர் சொல்லி வைதாள். ஒருவரையும் மறந்திருக்கவில்லை. இத்தனை வருடமாக எங்கே வைத்திருந்தாளோ. உன் வாய் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நேற்று கடைக்கு ஒரு குடும்பம் வந்தது. மகளின் நிச்சயதார்த்தப் படத்தைப் பெரிதாக அடித்துத் தர வேண்டுமாம், ரெண்டு மூணு படி வெளுப்பாக. அந்தப் பெண்ணும் அங்கேதான் நின்றது, தரையைப் பார்த்துக்கொண்டு. நான் வழக்கம்போல் பதமாக ஆரம்பிக்க நினைத்தேன். அதற்கு முன்னால் நீ ஒரு கத்துக் கத்தியிருக்க வேண்டும். நீ கத்துவாய், அவர்கள் முறைப்பார்கள், நான் நடுவில் புகுந்து தேன் தடவுவேன். அப்படித்தான் இந்தக் கடை ஓடியது. நீ கோபப்பட்டதால்தான் நான் நல்லவளாக இருக்க முடிந்தது. நேற்று நான் காத்திருந்தேன், கத்த யாரும் இல்லை.

"செய்ய மாட்டேன்" என்றேன். சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இந்தப் பிள்ள இருக்க மாதிரிதான் அடிப்பேன். வேண்டாம்னா வேற கடையப் பாருங்க."

அவர்கள் வேறு கடையைப் பார்த்துத்தான் போனார்கள். பின்னாலேயே ஓடிச் சமாதானம் சொல்லவும் யாரும் இல்லை. படியிறங்கும்போது அந்தப் பெண் ஒருதரம் திரும்பிப் பார்த்தது. என்ன நினைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, காது சூடாகிவிட்டது, உட்காரவும் முடியவில்லை. தினமும் இப்படித்தான் இருந்தாயா? இத்தனை வருடம் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்? ஒரு நாளாவது, "கொஞ்சம் நீ பிடிட்டீ" என்று என்னிடம் கொடுத்திருக்கலாமே.