ஸ்டூல் வேண்டாமென்று சொன்னவள்

என் கண்ணு மல்லிகா,

நீ போய் ஆறு மாசமாகிறது. உன் மகள் என்னோடுதான் இருக்கிறாள், ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். கம்பெனியில் உன் டேபிளில் இப்போது ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி நிற்கிறாள். பனியன் பீஸைப் புரட்டிப் பழுது பார்த்துக்கொண்டே, உன்னைப் போலவே ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொள்கிறாள். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எட்டாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருக்கும்.

ஒன்பது வருஷம் நாம் இரண்டு பேரும் செக்கிங்கில் நின்றோம். உட்கார ஸ்டூல் கேட்டுக் கேட்டு, கிடைக்காமல் ஓனரைத் திட்டினோம். அப்புறம் என்னை சூப்பர்வைசர் ஆக்கி நாற்காலி போட்டார்கள். "உக்காருங்க மேடம், காசா பணமா" என்று நீதான் முதலில் சிரித்தாய்.

போன சித்திரையில் புது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க சரசு, செக்கிங் புள்ளைங்களுக்கு ஸ்டூல் போட்டுரலாமுங்களா? நீங்க சொன்னாச் சரி."

"வேண்டாமுங்க சார். உக்காந்தா வேலை ஓடாதுங்க" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை, மல்லிகா.

அன்று சாயங்காலம் பஸ்ஸில், "அக்கா, காலு ரெண்டும் ஒரலாட்டம் இருக்குது. ஸ்டூல் வருதுன்னாங்களே, ஆரு தடுத்தது?" என்று கேட்டாய். ஓனர் என்றேன். நீ நம்பி, என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

நீ போன அன்று, காலில் ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். நின்று நின்றுதானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் நாற்காலியை யாரும் கேட்கவில்லையே. செக்கிங்கில் நிற்கிற முப்பது பேரும் உட்கார்ந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? ஆனாலும் எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நான் யார் என்று ஒரு பயம். ஓனருக்குக் கல் மனசு என்று அத்தனை வருஷம் சொன்னேன். உட்கார்ந்ததும் எனக்கும் அதே மனசு எங்கிருந்து வந்தது?

நேற்று மேனேஜரிடம் போய், அன்று தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். ஆர்டர் குறைந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்.

திங்கட்கிழமை அந்த முப்பது பேரிடமும், ஸ்டூலைத் தடுத்தது நான்தான் என்று சொல்லப்போகிறேன். திட்டட்டும். அப்புறம் அவர்களோடு சேர்ந்து ஓனரிடம் போய்க் கேட்பேன். ஸ்டூல் வரும்வரை நானும் நிற்பேன். இதை எழுதும்போதே கை தயங்குகிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் நிற்பேன், கண்ணு.

உன்னிடம் பொய் சொன்ன அக்கா,
சரசு