ஆறு கார்டுகளில் நான் போட்ட தேதி

கேப்டன்,

இன்று காலை இங்கே ஆலன் நகரில் கண் மருத்துவரிடம் போயிருந்தேன். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டதும் மருமகள் பேனாவுக்குக் கை நீட்டினாள். "டேட் நான் ஃபில் பண்ணிடறேன் அத்தை." "வேண்டாம்மா, நானே போடறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் விழித்தாள். வீடு வந்து சேரும்வரை உங்கள் நினைவுதான்.

சபையில் ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது பழக்கமானவர்கள் நாம். நீங்கள் சரக்கு விமானம் ஓட்டுபவர். நான் பாளையங்கோட்டையில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, மகன் வீட்டுக்கு வந்தவள். அந்த வருடம் உங்கள் கம்பெனி விமானிகளுக்கு ஒரு சங்கம் வேண்டுமென்று அலைந்துகொண்டிருந்தீர்கள். சங்கத்துக்காகத் தேர்தல் வேண்டும் என்று பாதிப் பேராவது கார்டில் கையெழுத்திட்டுத் தந்தால்தான் அரசு வாரியம் தேர்தல் நடத்தும். ஒரு வருடம் தாண்டிய கார்டு செல்லாது.

"சங்கம் வந்து, ஓய்வு நேரத்துக்கு ஒப்பந்தம் போடறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன் டீச்சர். ஆனா பின்னாடி வர்றவங்க தூங்காம ஓட்டக் கூடாதுல்ல" என்பீர்கள்.

ஒரு மதியம் கார்டுகள் நிறைந்த உறையோடு வந்தீர்கள். "அகரவரிசையில அடுக்கிக் குடுக்கணுமாம். உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது. பேர் மட்டும் வெளிய போயிடக் கூடாது, கம்பெனிக்குத் தெரிஞ்சா வம்பு." சொல்லிவிட்டு விமானம் ஏறப் போய்விட்டீர்கள்.

அடுக்கும்போது பார்த்தேன். ஆறு கார்டுகளில் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளில் பதிவெண் எழுத மறந்த பிள்ளைக்கு நானே எழுதிவிடுவேன். ஒரு வருடப் படிப்பு வீணாகக் கூடாதே! அன்று மார்ச் ஐந்து. அதே கை ஆறிலும் அன்றைய தேதியை எழுதியது: 5/3.

மறுநாள் வந்து பார்த்தவர் சிரித்தீர்கள். "மே மூணாம் தேதி இன்னும் வரவே இல்லையே டீச்சர்!" இந்த நாட்டில் மாதம்தான் முதலில் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "கார்டுல தேதியையும் அவங்கவங்களே எழுதணும்" என்றீர்கள், சிரிப்பு அடங்கியபின்.

"மாத்திப் போட்டுடறேன் கேப்டன். யாருக்குத் தெரியப் போகுது?"

"அப்புறம் அது உங்க கார்டு டீச்சர். அவங்களோடது இல்ல."

ஆறையும் கிழித்தீர்கள். அவை இல்லாமல் பாதி தேறாது. பழைய கார்டுகள் பல மாதக் கடைசியில் காலாவதியாகிவிடும். ஒரு வருட உழைப்பை நான்தான் கெடுத்தேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் நியூவார்க், ஓக்லாந்து விமான நிலையங்களில் காத்திருந்து ஆறு பேரையும் பிடித்தீர்கள். ஐந்து பேர் மறுபடி எழுதித் தந்தார்கள். ஆறாவது ஆள் மாட்டேன் என்றார்.

"ஏனாம்?"

"கேக்கல."

"கேட்டிருக்கலாமே!"

"மொத தடவை போட்டப்பவும் ஏன்னு கேக்கலையே டீச்சர். இப்ப மட்டும் எதுக்கு?"

அந்த ஐந்தோடு பாதி மயிரிழையில் தாண்டியது. தேர்தல் வந்தது. அதற்குள் விமானிகளுக்கான வயது வரம்பு அறுபத்தைந்து உங்களுக்கு வந்துவிட, வேலையும் ஓட்டும் போயின. முடிவு தெரிந்ததும் ஃபோன் செய்தீர்கள். "ஜெயிச்சிட்டாங்க டீச்சர்!"

"ஜெயிச்சிட்டோம்னு சொல்லுங்களேன்."

"ஓட்டுப் போடாதவன் எப்படிச் சொல்றது?"

உங்கள் நல்லடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் சாப்பாடு நடந்தபோது, நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் என்னருகில் வந்தார். கார்டுகளில் தேதி போட்ட டீச்சர் நீங்கள்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையாட்டினேன். இரண்டாம் முறை கையெழுத்துப் போட மறுத்தது தான்தான் என்றார். அதன் பிறகும் சேர்ந்து பறந்த நாளெல்லாம் அவருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காபி வாங்கி வருவீர்களாம்.

ஏன் மறுத்தார், கடைசியில் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று கேட்க என் நாக்கு துடித்தது. வகுப்பில் யாரையும் பதில் சொல்லாமல் உட்காரவிட்டதில்லை நான்.

சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.