கூரை மேல் போட்ட பல்

செவ்வாய், ஜூன் 12, 1984

இன்று நடந்ததை எதையும் கூட்டாமல், மறைக்காமல் எழுதப்போகிறேன்.

போன மாதம் அடிபம்பின் கைப்பிடி எகிறி அடித்ததில் தேவகி அக்காவின் முன்பல் இரண்டும் போய்விட்டன. வெளிநாட்டில் தாடை எலும்பில் திருகாணி பொருத்தி அதன்மேல் பல் வைக்கிறார்கள் என்று நூலகத்துப் பத்திரிகையில் படித்தேன். நான்தான் நச்சரித்து அம்மாவையும் அக்காவையும் காஞ்சிபுரம் பல் டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

"அதெல்லாம் மெட்ராஸ்லயே இன்னும் வரலம்மா," என்றார் டாக்டர். பிறகு அம்மாவிடம், "விழுந்த பல்லை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"சாணில உருட்டி கூரை மேல போட்டேன் சார். அப்பதான மொளைக்கும்?"

"இது பால் பல்லு இல்லம்மா. அப்பவே பால்ல போட்டு எடுத்தாந்திருந்தா, அதையே திரும்ப வச்சிப் பார்த்திருக்கலாம். இனிமே கழட்டி மாட்டுற பல்லுதான்."

திரும்பி வரும்போது, பஸ் பெருநகர் கிராமத்தைத் தாண்டியதும் அக்கா சொன்னாள்.

"வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வரவங்கள வர வேணாம்னு சொல்லிடும்மா. கட்டிக்கினு போனப்புறம், ராத்திரில பல்ல கழட்டி டம்ளர்ல போடறத பாத்தா இன்னா சொல்வாங்க?"

"வாய மூடிக்கினு சிரிடி, போதும்," என்றாள் அம்மா.

"சிரிக்கறதுக்கு இன்னா கீது?"

சாயங்காலம் அம்மா ஏணி போட்டுக் கூரை ஓலைக்குள் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கிடைத்தாலும் இனிப் பயனில்லை என்று அவளுக்கும் தெரியும். நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருட்டும்வரை அவள் இறங்கவில்லை.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா என்று

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்; இதை இருட்டில் எழுதுகிறேன்.