அண்ணனின் வலது கண்

மார்ச் 4, காலை

அன்புள்ள அண்ணிக்கு,

நான் வேலை பார்க்கும் கிளினிக் வாசலில் நிற்கும் அண்ணனின் பஸ்ஸை இன்றும் வேறு டிரைவர்தான் ஓட்டிவந்தார். கண்டக்டரிடம் கேட்டேன். "கல்யாணத்துக்குப் போயிருக்காரும்மா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சில்லறையைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் தெரியாமல் நம் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம்? போன் செய்தால் அண்ணனே எடுத்து, "நல்லாயிருக்கேன், வேலையைப் பாரு" என்று வைத்துவிடுகிறார். அதனால் இதைக் கண்டக்டரிடமே கொடுத்தனுப்புகிறேன். மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 4, மதியம்

எங்கள் வீட்டுப் பட்டதாரிக்கு,

கல்யாணமாவது, ஒன்றாவது! உன் அண்ணனுக்கு நெற்றியில் வலது பக்கம் மட்டும் கொப்புளம். வலியில் தலையணையைக் கடிக்கிறார். கொரோனா தடுப்பூசி போட்ட அடுத்த வாரமே வந்தது. வேண்டாம் என்றவரை, "எனக்காகப் போட்டுக்கங்கண்ணே" என்று இழுத்துப்போனது யார்? "தங்கச்சிகிட்ட சொல்லிடாத, அவ தாங்கமாட்டா" என்று என் வாயை அடைத்துவிட்டார். வேர்க்குரு என்று பவுடர் பூசிக்கொள்கிறார். இன்று மூக்கு நுனியிலும் ஒன்று வந்திருக்கிறது. கண் சிவந்துவிட்டது. கண் போனால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? உன் படிப்பா?

கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அண்ணி

மார்ச் 4, மாலை

அண்ணி,

உங்கள் கடிதத்தை எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். மூக்கு நுனி என்ற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது அக்கியாம். சின்ன வயதில் அண்ணனுக்கு வந்த அம்மையின் கிருமி நரம்புக்குள் தூங்கிக்கிடந்து, இப்போது எழுந்திருக்கிறது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு, அதனால் கண்ணுக்குள்ளும் போகலாம், இன்றே மருந்து ஆரம்பித்தால் காப்பாற்றிவிடலாம் என்றார். ஊசிதான் எழுப்பியதா என்றும் கேட்டேன். இருக்கலாம், உறுதியாகத் தெரியாது என்றார்.

கண் ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள். கண்டக்டர் இந்தக் கடிதத்தோடு ஆட்டோவும் கொண்டுவருவார். என்னை அப்புறம் வந்து திட்டிக்கொள்ளுங்கள். அண்ணன் முரண்டு பிடித்தால், நான் அழுவதாகச் சொல்லுங்கள். பொய் இல்லை.

நாத்தனார்

மார்ச் 14

எங்கள் வீட்டுப் பட்டதாரிக்கு,

கண் தப்பித்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள். டாக்டர் "போதும், போதும்" என்ற பிறகும் நிறுத்தாமல், அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர்வரை வாசித்தார் உன் அண்ணன். நர்ஸ் சிரித்தாள். நான் வராந்தாவுக்கு வந்து மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். சீப்பு பட்டால் இன்னும் கத்துகிறார், கத்தட்டும்.

ஊசியாலா என்று இந்த டாக்டரிடமும் கேட்டேன். "சில பேருக்கு ஊசிக்கப்புறம் வந்திருக்கும்மா. இவருக்கு அதனாலதான்னு எப்படிச் சொல்றது? தூக்கம் கெட்டு வண்டி ஓட்டினாலும் வரும்" என்றார். ஆக, உன்மேல் போட உருப்படியாக ஒரு பழிகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு அவர் திரைக்குப் பின்னால் தூங்கும் நேரம் பார்த்து வந்தாயாமே? வாட்ச்மேன் சொன்னார். எதற்கு இந்த ஒளிவு? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. எனக்கும் அந்த ஊசி போட வேண்டும். ஊசியைக் கண்டால் எனக்கு நடுக்கம். நீ கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உன் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதே, மானம் போய்விடும்.

உன் அண்ணி