வாய்விட்டு யோசிக்கத் தெரிந்தவள்

மார்ச் 3, செவ்வாய்

கடைசியில் ஒரே ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. குழந்தைக்காக வீட்டில் இருந்த ஐந்து வருடத்தை மற்றவர்கள் ஜெயிலில் இருந்தது மாதிரி பார்க்கிறார்கள். இதுவும் போனால் இவருடைய மருந்துக்கடைக் கல்லாதான் கதி. "சொந்தக் கடை இருக்கும்போது உனக்கு என்னம்மா குறை?" என்கிறார் அத்தை. குறைதான். எனக்கு புரோகிராம் எழுதணும்!

மார்ச் 6, வெள்ளி

பழைய ஆபீஸ் தோழி போனில் பாடம் எடுத்தாள். "விடை மட்டும் போதாதுடி. மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதணும். எங்க தப்புற, எப்படித் திருத்துற, அதைத்தான் பார்ப்பாங்க. தெரிஞ்ச கேள்வி வந்தா தெரியும்னு சொல்லிடு, வேற தருவாங்க."

எனக்கா? யோசிக்கும்போது யாராவது மணி கேட்டாலே எரிந்து விழுகிறவள் நான்.

மார்ச் 10, செவ்வாய்

என்னைப் பழக்க இவர் கேள்வி கேட்பவராக உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நான் மௌனமானால் பேனாவால் மேசையைத் தட்டுவார்.

"சொல்லு, இப்ப என்ன தோணுது?"

"அந்தப் பேனாவைப் பிடுங்கி வீசணும்னு தோணுது."

சிரித்தோம். பிறகு குளியலறையில் போய் அழுதேன்.

மார்ச் 15, ஞாயிறு

பயிற்சிக்கு ஒரு கணக்கு. நாள் முழுக்கப் பல கூட்டங்கள். மோதாமல் நடத்த எத்தனை அறை வேண்டும்? ஒவ்வொரு கூட்டத்தையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டு மாட்டிக்கொண்டேன். தொடங்கும் நேரம் தனியாக, முடியும் நேரம் தனியாக வரிசைப்படுத்தியதும் விடை வந்துவிட்டது. காலையில் ஆரம்பித்தது, மாலையாகிவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

நேர்காணல். அதே கணக்கு. அப்படியே!

"இதை முன்னாடியே பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் டீம் லீடர் அம்மா.

"இல்லீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? வேறு கேள்வி வந்தால் வாய் கட்டிப்போகுமே — அந்தப் பயம்தான். அப்புறம் நடித்தேன். நெற்றியைத் தேய்த்தேன். வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமைத் தப்பில் இறங்கி, "இல்லையே... இது சரிவராது போலிருக்கே" என்று இழுத்தேன். அவர் தலையாட்டித் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். சீ, கொஞ்சமாவது கூச வேண்டாமா எனக்கு?

மார்ச் 20, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. இவர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஓடிவந்தார். "நான்தானே பழக்கினேன்!" என்று அத்தையிடம் ஒரே பீற்றல். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 6, திங்கள்

முதல் நாள். நான் போனபோது ஏதோ ஒரு புரோகிராம் ஓடாமல் நின்றுபோய்க் கிடந்தது, காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. டீம் லீடர் அம்மா என்னை நடுவில் உட்கார வைத்தார். "இவங்க தன் தப்பைத் தானே பிடிச்சுத் திருத்தினதை நீங்கல்லாம் கேட்டிருக்கணும். அதுக்காகவே எடுத்தேன்." எல்லோரும் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்கள். "சும்மா சத்தமா யோசிங்க, கேட்கிறோம்."

திரையையே பார்த்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பாவம், ரொம்ப நேரம் காத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியாகத்தான் அந்த அம்மா.