அண்ணியின் இடது பக்கம்

மார்ச் 4

இன்று வகுப்பில் துண்டுச் சொற்கள். 'கார்டியோ' என்றால் இதயம், 'ஹெபட்டோ' கல்லீரல், 'நெஃப்ரோ' சிறுநீரகம். பின்னால் 'ஐடிஸ்' ஒட்டினால் அழற்சி, 'எக்டமி' ஒட்டினால் வெட்டி எடுப்பது. உடலைத் தனியாகவும் கையைத் தனியாகவும் வெட்டி வைத்துக்கொண்டு சட்டை தைப்பதுபோலத்தான். தையல் கடையை மூடிய பிறகு, இந்த வயதில், ஆஸ்பத்திரி ரெக்கார்டு வேலைக்கு மருத்துவச் சொற்கள் படிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார். இவருடைய அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தெருமுனையில் லாண்டரி வைத்திருக்கிறார். நாளெல்லாம் இஸ்திரிப்பெட்டியோடு இருந்து அதன் குணமே வந்துவிட்டது. "என்ன டாக்டரம்மா, ஆபரேஷன்லாம் முடிஞ்சுதா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். நாத்தனாரைடிஸ் என்று ஒரு நோயைப் பாடத்தில் சேர்க்கச் சொல்லப்போகிறேன்.

மார்ச் 9

சிறுநீரகம் கைமுஷ்டி அளவுதானாம். அதற்குள் ஏறக்குறைய பத்து லட்சம் வடிகட்டிகள். ஒரு நாளில் பெரிய டிரம் நிறைய வடிகட்டி, வேண்டியதையெல்லாம் திரும்ப இரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, ஒன்றிரண்டு பாட்டில் மட்டும் வெளியே அனுப்புகிறது. உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை. என்ன வேலைக்காரன்! இத்தனை வருஷம் எனக்குள்ளேயே இரண்டு பேர் இப்படி உழைத்திருக்கிறார்கள், ஒரு நாளாவது நினைத்தேனா?

இவருக்கு இரண்டுமே நின்றுபோய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அந்தக் கைமுஷ்டி செய்யும் வேலையை ஆளுயர மெஷின் செய்கிறது, அதுவும் அரைகுறையாக. வாரத்துக்கு மூன்று முறை ஊசி குத்திக் குத்தி இவருடைய கை கயிறுபோல் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் இதுவும் எத்தனை காலம் தாங்குமோ. என்னுடையது பொருந்தவில்லை. அதைச் சொன்ன அன்று நான் அழுததை இவர் பார்க்கவில்லை.

மார்ச் 11

நாத்தனார் இன்று துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "என்னுதப் பாக்கச் சொல்லு. ரெண்டு இருக்குல்ல, ஒண்ணு போதும்."

இவர், "வேணாம்க்கா. நீ நாளெல்லாம் நின்னு வேலை பாக்கிறவ."

"உன்னைக் கேட்டனா? நான் டாக்டரம்மாகிட்ட பேசிட்டிருக்கேன்."

என்னவோ பாத்திரத்தை இரவல் கொடுப்பதுபோல! நாத்தனாரோ, தலையணை உறையை நான் சரியாக மடிக்கவில்லை என்று பிடுங்கிக்கொண்டார்.

மார்ச் 17

வகுப்புக்குப் போகவில்லை. டயாலிசிஸ் நடக்கும்போதே இவருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிட்டது. மாலையில்தான் சரியானார்.

இன்றைய பாடம் உடலின் திசைகளாம். மேல், கீழ், இடது, வலது. இதில் படிக்க என்ன இருக்கிறது? பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 20

பொருந்துகிறது! பொருந்துகிறது!

ஏப்ரல் 22

இரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் என்று நாத்தனாரோடு ஆஸ்பத்திரியைச் சுற்றுகிறேன். ஒரு இடத்திலும் முகம் சுளிக்கவில்லை. இரத்தம் எடுத்த பையனின் கோட்டைப் பார்த்து, "காலர் ஏன்ப்பா இப்படி நாய் காது மாதிரி நிக்குது? கடைக்குக் கொண்டு வா" என்றார். அப்போது நாத்தனார் கையில் ஊசி குத்தியிருந்தது.

பயம் என்ற ஒன்றை நாத்தனாருக்கு வைக்க மறந்துவிட்டார்களோ?

மே 6

எழுதினால்தான் நிதானம் வரும்.

நாத்தனாரை இன்று வார்டில் சேர்த்துவிட்டோம். நாளை மறுநாள் அறுவை சிகிச்சை. ஸ்கேன் படமும் ரிப்போர்ட்டும் கையில் கொடுத்திருந்தார்கள். "படிச்சுச் சொல்லு, படிப்பு எதுக்கு இருக்கு?" என்றார். படித்தேன். வலது சிறுநீரகத்துக்கு இரண்டு தமனிகள், அதாவது இரத்தம் கொண்டுவரும் குழாய்கள். இடதுக்கு ஒன்றே ஒன்று, அதனால் இணைப்பது சுலபம், இடதை எடுக்கலாம் என்று இருந்தது.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு குழாய் உள்ளது இடப்பக்கம் இருக்கிறது! திரும்பத் திரும்பப் பார்த்தேன். இடப்பக்கம்தான். ரிப்போர்ட்டை மாற்றி எழுதிவிட்டார்கள். இல்லை, வேறு யாருடைய படமோ. நம்பி வயிற்றைத் திறந்து தப்பான பக்கத்தில் கை வைத்தால் இந்த மனுஷி என்ன ஆவது?

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். சொன்னால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். இவர் இப்போதே பாதியாக இருக்கிறார். ஆனால் எதிரில் கட்டிலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தேன்.

"அண்ணி, கையெழுத்துப் போடாதீங்க. இது தப்பா இருக்கு."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. நர்ஸ் ஒப்புதல் தாளோடு வந்ததும், "டாக்டரம்மா சரின்னு சொல்லட்டும், அப்புறம் போடறேன்" என்று பேனாவை மூடிக் கொடுத்துவிட்டார். சர்ஜன் நாளை காலைதான் வருவாராம்.

மே 7

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

சர்ஜனிடம் நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "இது மனுஷ உடம்பு சார், இடது வலதுகூடப் பாக்க மாட்டீங்களா?" என்றெல்லாம் கேட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு என் எதிரில் வந்து நின்றார்.

"உங்க இடப்பக்கம் இருக்கிறது என்னோட எந்தக் கை?"

"வலது... "

சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

"படமும் அப்படித்தாம்மா. உடம்பு உங்களைப் பாத்து நிக்குது. இடது, வலதுன்னா எப்பவும் அவங்களோட இடது, வலது. நம்மளோடது இல்ல." மூலையில் வலதைக் குறிக்கும் குட்டி 'ஆர்' எழுத்தையும் காட்டினார். அது என் கண்ணில் படவே இல்லை. ஒரு வகுப்புக்கு மட்டம் போட்டதற்கு இந்தத் தண்டனை!

மன்னிப்புக் கேட்டேன். அவர், "சந்தேகம் வந்தா கேக்கிறதுதான் சரி. நாங்களும் மூணு தடவை சரிபாத்துட்டுத்தான் கத்தி எடுப்போம்" என்றார். கோபமே இல்லை. நல்ல மனிதர். நான்தான் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

நாத்தனார் கையெழுத்துப் போட்டார். இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லியே என்னை வறுத்தெடுப்பார் என்று காத்திருந்தேன். எல்லோரும் போன பிறகு தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரெண்டு மாசமா எல்லாரும் கிட்னி எப்படி இருக்கு, கிட்னி எப்படி இருக்குன்னுதான் கேக்கறாங்க. தம்பிக்கு ஆபரேஷன் தள்ளிப்போகும்னு தெரிஞ்சும் நீ என் பக்கம் நின்னு கத்தினே பாரு... "

"தப்பாக் கத்தினேன் அண்ணி."

"கத்தினேல்ல." அப்புறம் மெதுவாக, "பயமாத்தான் இருக்கு. அவன்கிட்ட சொல்லிடாத" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இஸ்திரிப்பெட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. இத்தனை வருஷத்தில் இன்றுதான் தொட்டிருக்கிறேன். பயத்தை வைத்துக்கொண்டே காலர் மடிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார் இந்தப் பெண்மணி. என்ன சொல்வது, எனக்கு வாய்த்த நாத்தனார்!

மே 8

இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

மே 9

நேற்று எழுத முடியவில்லை. இரண்டு பேரும் நலம். வயிற்றில் பால் வார்த்தார்கள்.

இணைத்த சிறிது நேரத்திலேயே, ஆபரேஷன் மேஜை மேலேயே, சிறுநீர் வந்துவிட்டதாம். வேறு ஒரு உடம்பிலிருந்து எடுத்து, ஐஸில் வைத்து, புது இடத்தில் தைத்த உறுப்பு, போன கையோடு வேலையைத் தொடங்கிவிட்டது. புது இடம், புது ஆட்கள் என்ற கூச்சமே இல்லை. அக்காவின் உறுப்பு அல்லவா! பழையவற்றை எடுக்கவில்லை, புதியதை அடிவயிற்றில் வைத்திருக்கிறார்கள். ஆக இவருக்கு இப்போது மூன்று.

நாத்தனார் கண் விழித்ததும் கேட்டது: "அவன் ஒண்ணுக்குப் போனானா?" போனார் அண்ணி, பை நிறைய. இப்படி ஒரு விஷயத்துக்காக வார்டு நடுவில் நான் அழுவேன் என்று யார் கண்டார்கள்.

மே 30

இவர் இன்று முழு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். டயாலிசிஸில் இருந்தவரை தண்ணீருக்குக் கட்டுப்பாடு; அளந்து அளந்து நாக்கை நனைத்துக்கொண்டிருந்த மனிதர். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

டிசம்பர் 12

ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. இன்று அண்ணிக்குப் பரிசோதனை. ரிப்போர்ட்டை டைப் செய்தது நான்தான். மிச்சமிருக்கும் வலது சிறுநீரகம் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்வதற்கு வளர்ந்துகொண்டதாம். யாரும் சொல்லாமலே.

அண்ணி என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். "என்ன டாக்டரம்மா, என்ன போட்டிருக்கு?"

எழுந்து, யோசிக்காமல் கையை நீட்டி அவருடைய இடப்பக்க இடுப்பில் வைத்தேன். அவருடைய இடது.

"இங்க இருந்தது இங்க இல்லன்னு போட்டிருக்கு அண்ணி. அது எங்க வீட்ல இருக்கு."

"அப்படியா? சீக்கிரம் வீட்டுக்குப் போயி அதைத் தண்ணி குடிக்கச் சொல்லு. அவன் மறந்துடுவான்."