பியாலி போடாத கண்ணாடி வளையல்

மே 6, 2025

மருமகள் பியாலிக்கு ஏழாம் மாதம். இருபத்தைந்தாம் தேதி வளைகாப்பு. நம்மூர்க் கடைகள் இருக்கும் ஹாரிஸ் பார்க் போய் ஐந்து டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்தேன். அளவு பார்க்கக் கையை நீட்டச் சொன்னால், பின்னால் கட்டிக்கொள்கிறாள். "எங்க வீட்ல கண்ணாடி போடமாட்டோம். அப்பாவுக்குப் பிடிக்காது." ஆங்கிலத்தில், குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக. அதுதான் இன்னும் எரிச்சல்.

மே 7

கல்யாணத்தில் அவர்கள் பெங்காலிச் சங்கு வளையலை நான் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளவில்லையா? இது என்னை அவமானப்படுத்தத்தான். "நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காத" என்கிறார் பாஸ்கர். என் கணவருக்கென்ன, வடை வந்தால் போதும்.

மே 11

சம்பந்தி தபன் சக்ரவர்த்தி மெல்பர்னிலிருந்து வந்தார். வேண்டுமென்றே வளையல் பெட்டியை டீப்பாய் மேல் வைத்தேன். அற்பத்தனம்தான். பார்த்தார். டீயை அப்படியே வைத்துவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். பியாலி அழுதாள். "இப்ப திருப்தியாம்மா?" என்றான் என் மகன் சஞ்சய்.

இல்லை. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

மே 12

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. தோசை சுட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே பியாலி சொன்னாள்.

தபனின் பாட்டி நிருபமா, பரிசால் ஊர்க்காரர். 1930இல் வெள்ளைக்காரனை எதிர்த்து, வெளிநாட்டுச் சாமான் வேண்டாமென்று தெருவில் தன் கண்ணாடி வளையல்களை உடைத்தாராம். அதே வாரம் அவர் கணவரை ஜெயிலில் போட்டார்கள். சுதந்திரம் வந்தபிறகுதான் மறுபடி போடுவேன் என்று சபதம். சுதந்திரம் வந்தது, கூடவே தேசப் பிரிவினையின் எல்லைக்கோடும் வந்தது. பரிசால் வீடு அந்தப் பக்கம் போய்விட்டது. கல்கத்தாவில் வாடகை அறையில் இருந்துகொண்டு, "வீடு திரும்பக் கிடைக்கட்டும், போட்டுக்கிறேன்" என்றாராம். கிடைக்கவில்லை. அவரும் போடவில்லை, மருமகளும் போடவில்லை. பியாலி நான்காவது தலைமுறை.

இதைப் போய் எனக்குச் செய்த அவமானம் என்று நினைத்தேனே. பெட்டியைப் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மே 13

தபனுக்கு வாட்ஸப். நான்கு முறை எழுதி அழித்தேன். "தப்பு என்மேல்தான். கண்ணாடி இருக்காது. சங்கு வளையலே போதும். நீங்கள் வந்து ஆசீர்வாதம் செய்ய வேண்டும்."

மே 20

படித்துவிட்டார். பதில் இல்லை. அப்பா வராவிட்டால் வளைகாப்பே வேண்டாம் என்கிறாள் பியாலி.

மே 25

வந்தார். சந்தனம் பூசி முடிந்தது. பிறகு என்னிடம் வந்து, "அந்தப் பெட்டி எங்கே?" என்றார். புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முதல் வளையலை அவரே மகள் கையில் ஏற்றினார். ஆம்பளை போடுவதா என்று யாரோ முணுமுணுத்தார்கள்; நான் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார்கள்.

"அந்த வீடு இனி வராது. இந்தக் குழந்தைதான் வருது" என்றார் அவளிடம். எல்லோர் முன்னாலும் அழுதேன். வெட்கமாகவே இல்லை.

கிளம்பும்போது, பாட்டி நிருபமா படத்துக்கு என்று ஒரு சிவப்பு வளையல் கேட்டார். ஒற்றையாகக் கொடுக்கக் கூடாது. ஜோடியாகக் கொடுத்தேன்.